ஆட்டாத கோப்பை

ஷோபக் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் லேசில் போகாது. எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்று கையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். இலை உதிர்ந்த ஆப்பிள் மரங்கள் மண்ணில் வேர் இல்லாதது போல அந்தரத்தில் நிற்கும். எங்கோ ஓர் ஆடு கத்தும். அது பள்ளத்திலிருந்து கத்துகிறதா, பக்கத்தில் நின்று கத்துகிறதா என்று தெரியாது. அவ்வாதுக்கு இந்தப் பருவம் பிடிக்கும். ஊர் இருக்கும், ஊரின் கண் இருக்காது.

தண்ணீர் லாரி ஓட்டி வயதானவர் அவர். நாயிஃபின் அப்பா என்பதால் எல்லாருக்கும் அபூ நாயிஃப். படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பலகையில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பார், படித்ததை நம்ப மாட்டார். வானொலியில் மழை என்றால் வெயிலுக்குத் தயாராகிற ஆள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளில் ஒருவன் அகபாவில், ஒருவன் ஸர்காவில். இதுவரை எவனிடமும் ஒரு தீக்குச்சிகூடக் கேட்டதில்லை என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஆனால் ஓர் ஆசை இருந்தது. ஸப்ஹா.

ஸப்ஹா, ஊர்ப் பெரியவர் ஸாயிலின் தங்கை. புருஷன் இறந்தபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். போன வசந்தத்தில் அவ்வாது லாரியைப் பின்னால் எடுக்கும்போது சக்கரம் அவளுடைய புதினாப் பாத்தியில் ஏறிவிட்டது. அவள் வெளியே வந்து கத்தினாள்: "கண்ணு இருக்காய்யா உனக்கு? இல்ல, அதையும் டேங்குக்குள்ள போட்டு மூடிட்டியா?"

மனைவி போனபின் அவரை யாருமே திட்டியதில்லை. பிள்ளைகள் போனில் மரியாதையாகப் பேசினார்கள், மருமகள்கள் அதைவிட மரியாதையாகப் பேசினார்கள். புதினா நசுங்கிய வாசனையில் நின்றுகொண்டு அவர் அந்தத் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வாசனை எங்கே வந்தாலும் அவருக்கு நடை தடுமாறியது.

கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் பெண் கேட்பது தனி ஆள் வேலை இல்லை. பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு ஜாஹா போக வேண்டும், பத்துப் பன்னிரண்டு கார் வரிசையாக. அதில் மூத்தவர், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பார். வைத்தால் வந்த காரியம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் "குடிங்க, கொடுத்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் எடுத்துக் குடிப்பார். பேரன் எடுத்த கிழவனுக்காக எவன் ஜாஹா வருவான்? சிரிப்பார்கள். அதனால் அவ்வாது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: எனக்கு வேண்டாம். யாரும் தடுக்கவில்லை, நானே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். அதை அவர் நம்பியும்விட்டார். அவர் நம்பிய ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

குளிர்காலத்தில் நகராட்சிக் கூடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். சமூகவியல், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, கட்டணம் இல்லை. அது என்ன இயல் என்று அவ்வாதுக்குத் தெரியாது. கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் என்பது தெரியும். போனார்.

பாடம் எடுக்க வந்தவள் துமாதிர் என்கிற இர்பித் நகரத்துப் பெண். கண்ணாடி போட்டிருந்தாள், குரல் மெல்லிசு. அவ்வாது பார்த்தவுடனே முடிவு செய்துவிட்டார்: அரசாங்கம் வேவு பார்க்க அனுப்பிய ஆள்.

"இங்க எதுக்காக வந்தீங்க, ஒவ்வொருத்தரும் சொல்லுங்க" என்றாள் அவள்.

"அடுப்புக்கு" என்றார் அவ்வாது.

கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். "சரி பெரியப்பா. அடுப்பு அந்தக் கோடியில இருக்கு. நீங்க கதவுகிட்ட, காத்து அடிக்கிற இடத்துல உக்காந்திருக்கீங்களே?"

அவ்வாது திரும்பிப் பார்த்தார். அடுப்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் கதவோரம் விறைத்துப்போய் இருந்தார்கள். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை.

"அது என் இஷ்டம்" என்றார்.

"பல்லு தந்தி அடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே, அதுவும் உன் இஷ்டமா?" என்று அடுப்பு பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஸப்ஹா. அவளும் வந்திருந்தாள். அவ்வாதுக்குக் குளிர் விட்டுப்போயிற்று.

துமாதிர் பொறுமையாகச் சொன்னாள். "மீன் தண்ணியைப் பாக்காதுன்னு வைங்க. நாமளும் அப்படித்தான். எங்க உக்காரணும், யாரைப் பார்த்து எந்திரிக்கணும், எப்ப அழலாம், எதுக்கு வெக்கப்படணும், இதெல்லாம் யாரும் எழுதி வைக்கல. ஆனா எல்லாருக்கும் தெரியும். நாமளே முடிவு பண்ணினோம்னு நினைக்கிறதுல பாதி, ஊரு நமக்காக முன்னாடியே முடிவு பண்ணி வச்சது."

"பொய்" என்றார் அவ்வாது. "என்னை எவனும் ஏவ முடியாது. நான் வேணும்னா செய்வேன், வேண்டாம்னா விட்டுருவேன்."

"அப்ப உங்களுக்கு வீட்டுப்பாடம் சுலபம் பெரியப்பா. எல்லாருக்கும்தான் சொல்றேன். எழுதி வைக்காத ஒரு சின்ன விதியை மீறிப் பாருங்க. யார் மனசும் நோகக் கூடாது. அப்புறம் என்ன நடக்குதுன்னு கவனிங்க. வெளிய நடக்கறதை மட்டும் இல்ல, உங்க உள்ள நடக்கறதையும்."

"வயசான ஒட்டகம் கயிறு அறுக்கப் போகுது" என்றாள் ஸப்ஹா. "எல்லாரும் தள்ளி நில்லுங்க."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் ஸாயிலின் விருந்துக்கூடத்தில் உட்காருவது வழக்கம். அன்று பனி ஜன்னல் வரை வந்து கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் கணப்பு, சுற்றிலும் மெத்தைகள். கரியின் சிவப்பு எல்லார் முகத்திலும் கொஞ்சம் கொஞ்சம். ஸாயில் கம்பளி அங்கியைப் போர்த்திக்கொண்டு கூடத்தின் தலைப்பக்கம் இருந்தார். அவருடைய மருமகன் ஃபரஜ் இடது கையில் பித்தளைக் கூஜாவும் வலது கையில் கோப்பையுமாகக் காப்பி ஊற்றினான். அவ்வாதுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை சலாமா. இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தராசு பொய் சொல்கிறது என்று கடைக்குள் நின்று கத்தியவர் அவ்வாது.

அவ்வாது தன் விதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் இன்னும் ஊற்று என்று பொருள். இவ்வளவுதான். நான் ஆட்ட மாட்டேன். என்ன ஆகிவிடும், வானம் இடிந்து விழுமா?

முதல் கோப்பை தொண்டையில் கசந்து இறங்கியது. நீட்டினார். ஃபரஜ் ஊற்றினான். அடுத்ததும் போயிற்று. மூன்றாவதோடு மரியாதை தெரிந்தவன் நிறுத்துவான். அவ்வாது நீட்டியபோது அவருடைய கை தானாக ஆடப் பார்த்தது. அவர் சொல்லவில்லை, மணிக்கட்டே திரும்பியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இது யாருடைய கை என்று ஒரு கணம் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஃபரஜ் ஊற்றினான். ஆனால் பேச்சு மெலிந்தது. ஆப்பிள் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவிலேயே விட்டுவிட்டார். சலாமா கணப்பைப் பார்த்தபடி, அவ்வாதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "டேங்கு நிரப்புறாரு போல."

அவ்வாது காதில் வாங்கவில்லை. அடுத்தது. அதற்கு அடுத்தது. சின்னக் கோப்பைதான், அடியில் கொஞ்சம்தான். ஆனாலும் காப்பி காப்பிதான். ஏலக்காய் வாசனை தலைக்குள் ஏறி மேகமாக நின்றது. நெஞ்சு டீசல் எஞ்சின் மாதிரி அடித்தது. கம்பளத்தில் நெய்திருந்த ஒட்டகங்கள் மெதுவாக நடக்க ஆரம்பித்தன. ஒன்றன்பின் ஒன்றாக, மணிச்சத்தம் இல்லாமல், ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. ஸாயிலின் தாடி நீளமாகிக்கொண்டே போயிற்று. எங்கிருந்தோ, உள்ளே சமையல் பக்கத்திலிருந்து, புதினா வாசனை வந்தது. கரண்டியால் தேநீரைக் கலக்கும் சத்தம். அது அவள்தான். கரண்டியில்கூட அவளுடைய கோபம் இருந்தது.

போதும் என்று உடம்பு கெஞ்சியது. ஆனால் ஆட்டக் கூடாது. ஆட்டினால் அந்தக் கண்ணாடிக்காரி ஜெயித்தாள். ஃபரஜ் மறுபடியும் ஊற்றிவிட்டான். குடிக்க முடியவில்லை. ஆட்டவும் மனமில்லை. அவ்வாது குடிக்காத கோப்பையை முன்னால் கம்பளத்தின் மீது மெல்ல வைத்தார்.

அவ்வளவுதான். கூடம் அடங்கிப்போயிற்று.

ஃபரஜ் கூஜாவோடு அப்படியே நின்றான். மெத்தையில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஸாயில் அங்கியைச் சரிசெய்துகொண்டார். கணப்பில் ஒரு கரி உடைந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. என்ன செய்துவிட்டோம் என்பது அவ்வாதுக்கு அப்போதுதான், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிறவனுக்குச் சூரியன் தெரிவது போல, மெதுவாகத் தெரிந்தது. சின்ன விதியிலிருந்து தப்பிக்கப் போய்ப் பெரிய விதியின் மடியில் உட்கார்ந்திருந்தார்.

"அபூ நாயிஃப்" என்றார் ஸாயில். குரல் கனமாக இருந்தது. "கோப்பையை எடு, குடி. நீ என்ன கேக்க வந்தியோ, அது உனக்குத்தான்."

அவ்வாது கோப்பையையே பார்த்தார். ஒன்றும் இல்லை, சும்மா வைத்தேன் என்று சொல்லலாமா? முடியாது. வாக்குக் கொடுத்த வீட்டை நடுக்கூடத்தில் வைத்துக் கேலி செய்வது போல ஆகும், சாகிற வரை இந்த வாசல் மிதிக்க முடியாது. பாடத்துக்காக வைத்தேன் என்று சொல்லலாமா? அதைவிட மோசம். அந்த இர்பித் பெண்ணை நாளைக்கே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள்.

"மேட்டு நிலம் கேப்பாரு" என்று யாரோ முணுமுணுத்தார்.

"இல்லப்பா, பையனுக்கு சிபாரிசு."

"வாயைத் திறந்தா தெரிஞ்சிடும்" என்றார் சலாமா. "எவன்கிட்டயும் எதுவும் கேக்காதவரு. முதமுதலா கேக்கறாரு, பெருசாத்தான் இருக்கும்."

ஒரு ஆட்டுக்குட்டி கேட்டுவிடலாம். அவ்வாதுக்கு அது பளிச்சென்று தோன்றியது. ஒரு குட்டி, இல்லை ஒரு மூட்டை வாற்கோதுமை. ஸாயில் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார், காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம், எல்லாம் சுமுகம். வாயைத் திறந்தார்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கதவில் தொங்கிய திரை அசையாமல் இருந்தது. அந்த அசையாமையில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது.

நானே வேண்டாம் என்று முடிவு பண்ணினேன் என்று எத்தனையோ மாதமாகச் சொல்லி வந்ததை அவ்வாது ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். கையைப் போலத்தான் அதுவும் இருந்தது. அவருடையது மாதிரி இருந்தது, ஆனால் திருப்பியது வேறு யாரோ.

"ஸாயிலு" என்றார். "நான் இதைக் கேக்க வரல. ஆனா இப்ப கேக்கறது இதான். உன் தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடு."

ஸாயிலின் முகம் கரியை விடச் சிவந்தது. "தனியாவா? நாலு பெரியவங்க இல்லாம, ஆளு இல்லாம, காலாற நடந்து வந்து பொண்ணு கேக்கறியா? என் வீடு என்ன, பெட்ரோல் பங்கா?"

"தப்புதான்."

"தப்புதான்னு சொல்லிட்டா ஆச்சா? நான் வேற கொடுத்தாச்சுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். இத்தனை பேர் கேட்டாங்க. இனி மாத்த முடியுமா?"

"நீ கொடுத்ததை நான் எடுத்துக்கல" என்றார் அவ்வாது. "அது காப்பிக்குக் கொடுத்த வாக்கு. அவளுக்குத் தெரியாம கொடுத்தது. அவளைக் கேளு. மாட்டேன்னு சொன்னா நான் எந்திரிச்சுப் போயிடறேன், உன் வாக்கும் முழுசா உன்கிட்டயே இருக்கட்டும்."

"அவளைப் போயி இங்க வச்சு..."

"ஏன், அவளுக்கு நாக்கு இல்லையா?" என்றது திரை.

யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூரையைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் ஸப்ஹா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "யோவ் லாரிக்காரரே. உள்ள எத்தனை கோப்பை போச்சுன்னு நான் இங்கிருந்தே எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். எதுக்கு ஆட்டலன்னும் எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த வாத்தியாரம்மா சொன்னதுக்காகக் கேக்கறியா, கோப்பையை வச்சுட்டோமேன்னு கேக்கறியா, இல்ல உனக்காகக் கேக்கறியா?"

எந்த வாத்தியாரம்மா என்று, பாடத்துக்குப் போகாதவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வாது யோசித்தார். ஒட்டகங்கள் மறுபடியும் கம்பளத்தில் வந்து நின்றுகொண்டன, பதிலுக்குக் காத்திருப்பது போல.

"தெரியல" என்றார். "எல்லாம் கலந்துதான் இருக்கும். ஆனா புதினாவுல ஏத்தினப்ப நீ திட்டினே பாரு, அப்ப கோப்பையும் இல்ல, வாத்தியாரம்மாவும் இல்ல."

ஃபரஜின் கை கூஜாவின் பாரத்தில் இறங்கிக்கொண்டே போயிற்று.

"சரி" என்றாள் ஸப்ஹா. "ஆனா இப்படி இல்ல. நான் என்ன வழியில கிடந்த செருப்பா, போறபோக்குல மாட்டிக்கிட்டுப் போறதுக்கு? முறையா வரணும். ஜாஹாவோட வரணும். இந்த மலையில இருக்கற பெரிய தலை எல்லாம் வரணும், கார் வரிசை ரோட்டு வளைவு தாண்டி நிக்கணும். இவளுக்கா இந்த வயசுலன்னு சிரிக்கறவங்க எல்லாம் வாசல்ல நின்னு பாக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை வா. அன்னைக்கு எங்கண்ணன் கேப்பாரு, நான் பதில் சொல்றேன்."

"அதான் பேச்சு!" என்று ஸாயில் தொடையைத் தட்டினார். அவருடைய மானம் திரும்பி வந்துவிட்டது. "கேட்டியா? முறையா வா."

"கேட்டேன்" என்றார் அவ்வாது. ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். கோப்பையை ஃபரஜிடம் கொடுத்தார், ஆட்டினார். பக்கத்தில் யாரோ "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டார்.

வெளியே பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. அவ்வாது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கால் தரையில் பாவவில்லை. ஊர் இல்லை, மலை இல்லை, வெள்ளை மட்டும் இருந்தது. அந்த வெள்ளைக்குள் எங்கெங்கோ கதவுகள் இருந்தன. ஒவ்வொரு கதவுக்கும் போக வேண்டும். தட்டி, எனக்காக வருவீர்களா என்று கேட்க வேண்டும். ஸப்ஹாவிடம் கேட்டதுகூடப் பரவாயில்லை, அப்போது காப்பி பேசியது. இதற்குத் துணையில்லை.

பின்னால் செருமல் கேட்டது. சலாமா. குடையை ஊன்றிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"சலாமா" என்றார் அவ்வாது.

"யாரு பேசறது? பேச்சுவார்த்தை இல்லாதவங்க குரல் எனக்குக் கேக்காதே."

"எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

"சத்தமாச் சொல்லு. பனி அடைக்குது."

அவ்வாது பல்லைக் கடித்தார். "வெள்ளிக்கிழமை என்கூட வா. நீ வேணும் எனக்கு."

சலாமா நின்றார். அவருடைய மீசையில் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது. "என் தராசைப் பத்தி ஊரெல்லாம் சொன்ன வாயி."

"தராசு பொய்தான் சொல்லுது. அதுக்கு நீ என்ன பண்ணுவே, பழசு. ஆனா நீ வா."

சலாமா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு பனிக்குள் போய் எங்கோ சுவரில் முட்டித் திரும்பியது. "மன்னிப்பு கேக்கத் தெரியல, பொண்ணு கேக்கத் தெரியல. உன்னை எப்படிய்யா லாரி ஓட்ட விட்டாங்க? சரி, வரேன். ஆனா நாம ரெண்டு பேர் போனா அது ஜாஹா இல்ல, கடன் வசூல். ஆளு பாரு. முதல்ல ஃபலாஹ் வீடு. அவரு தலை அசைச்சா கீழ்த்தெரு மொத்தமும் வரும்."

"அவரோட நான் பேசியே வருஷக்கணக்கு ஆச்சு."

"உன்னோட பேசறவன் எவன் இருக்கான், சொல்லு, அங்க போவோம்."

சலாமா அவ்வாதுடைய அங்கியின் கையைப் பிடித்துக்கொண்டார், வழி தெரியாமல் பிரிந்துவிடக் கூடாது என்று. இரண்டு பேரும் நடந்தார்கள். நடக்க நடக்க வீடுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்தன. முதலில் ஒரு மஞ்சள் வெளிச்சம் மிதந்தது, பிறகு அதற்கு ஒரு ஜன்னல் வந்தது, பிறகு சுவர், கடைசியில் கதவு. தாங்கள் வருவதற்காகவே அவை உண்டாவது போல அவ்வாதுக்குத் தோன்றியது.

ஃபலாஹ் வீட்டுக் கதவு இரும்பு, நீலச் சாயம். அவ்வாது கையைத் தூக்கினார், தட்டவில்லை.

"என்ன சொல்லணும்?" என்றார்.

"என்னது?"

"இப்படிப் போனா என்ன சொல்லுவாங்க? எனக்குத் தெரியாது. நான் போனதில்ல."

சலாமா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சலாம் சொல்லு" என்றார். "மிச்சத்தை அவங்களே கேப்பாங்க."

அவ்வாது கதவைத் தட்டினார். உள்ளே யாரோ எழுந்து வருகிற சத்தம் கேட்டது.